நாளைக்கு வராது என்று எந்த வழி சொல்லும்? பக்கத்து வீட்டுக்குப் போகும் பூனையும் நம் முன்னால் இருக்கும் வழிகளும்

போன வருஷம் மாசி மாதம் ஒரு காலையில் பக்கத்து வீட்டு மதினி கையில் ஒரு பாயோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். சத்தம் போடவில்லை. பாயைத் தார்சாவில் விரித்துக் காட்டினார். முக்கால் பதம் காய்ந்திருந்த அப்பளங்களின் மேல் குறுக்கே இரண்டு வரிசை கால் தடம். ஓரத்தில் ஏதோ படுத்துப் புரண்ட அடையாளம், அதில் ஒட்டியிருந்த செம்பட்டை முடி. அந்த முடி யாருடையது என்று நான் கேட்கவே வேண்டியதில்லை. எங்கள் வீட்டுப் பூனை செவலை அப்போது சமையல்கட்டு வாசலில் படுத்துக் காலை நக்கிக்கொண்டிருந்தான்.

எங்கள் ஊர் கல்லிடைக்குறிச்சி. தாமிரபரணிக்கு இந்தக் கரையில் நாங்கள், அந்தக் கரையில் அம்பாசமுத்திரம். இங்கே அப்பளம் என்பது கல்யாண வீட்டுப் பதார்த்தம் மட்டும் இல்லை, எத்தனையோ வீடுகளுக்கு அதுதான் மாதச் செலவு. உளுந்து மாவை இடித்துப் பிசைந்து, உருட்டித் தேய்த்து, வெயில் பார்த்துக் காயவைத்து எடுப்பதற்குள் ஒரு பெண்ணின் ஒரு நாள் போய்விடும். பூனை நடந்த அப்பளத்தை யாரும் விற்க மாட்டார்கள், விற்கவும் கூடாது. அன்றைக்குப் போனது மதினியின் ஒரு நாள்.

"நட்டம் எவ்வளவுன்னு சொல்லுங்க மதினி, தந்துருதேன்" என்றேன். அவர் சொன்ன பதில்தான் இந்தக் கட்டுரைக்கே காரணம்.

"நட்டத்த விடுங்க தம்பி. நாளைக்கு வராதுன்னு சொல்லுங்க, போதும்."

அதை என்னால் அன்றைக்குச் சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகு ஏழெட்டு மாதம் ஒவ்வொரு வழியாகச் செய்து பார்த்தோம், விசாரித்தோம், சிலவற்றைக் கைவிட்டோம். இப்போது தெருவில் இதே சிக்கல் உள்ள இரண்டு மூன்று வீட்டார் என்னிடம் கேட்கிறார்கள். பூனை வளர்ப்பவர்களுக்கும், பக்கத்து வீட்டுப் பூனையால் பாடுபடுபவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். எந்த வழியையும் நான் மூன்று கேள்விகளால்தான் எடை போடுகிறேன். நாளைக் காலையில் பூனை அங்கே போகாது என்று அந்த வழி உறுதி தருமா? அதற்கான உழைப்பும் செலவும் யார் தலையில் விழுகிறது? பூனைக்கு உயிரும் நலமும் மிஞ்சுமா?

அதற்கு முன்னால் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். "உங்க பூனையால தொல்லை" என்று ஒரே வாக்கியத்தில் சொல்வார்கள். உட்கார்ந்து கேட்டால் உள்ளே ஐந்தாறு தனித்தனித் தொல்லைகள் இருக்கும். எங்கள் தெருவில் நான் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டவை இவை: பூந்தொட்டியிலும் கொல்லையில் புதிதாகக் கொத்திய மண்ணிலும் பீ பேண்டு மூடிவிட்டுப் போவது. கடுவன் பூனை வாசல் கதவிலும் வண்டிச் சக்கரத்திலும் மூத்திரம் பீய்ச்சுவது. ராத்திரி இரண்டு மணிக்கு ஓட்டுக்கூரை மேல் சண்டை, அதில் ஓடு நகர்ந்து அடுத்த மழைக்கு ஒழுகுவது. அடுக்களையில் பால், மீன். கோழிக்குஞ்சு, புறா. அப்புறம், குழந்தையைப் பிராண்டிவிடுமோ என்ற பயம். இவை எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து கிடையாது. மூத்திர நாற்றத்துக்கு ஆகிற வழி கோழிக்குஞ்சைக் காப்பாற்றாது. எது உண்மையான தொல்லை என்று தெரியாமல் ஆயிரம் ஆயிரமாகச் செலவழித்துவிட்டு, "இவ்வளவு செஞ்சும் அவங்க சும்மா இருக்க மாட்டேங்காங்க" என்று வருந்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் எல்லோர் வாயிலும் வருகிற வழியைச் சொல்லிவிடுகிறேன். சாக்கில் போட்டுக் கட்டி ஆற்றுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வருவது, அல்லது மீன் மார்க்கெட் பக்கம் விடுவது. இன்னும் சிலர், "பாபநாசம் மேல கொண்டு விட்டுருங்க, எலியப் புடிச்சு பொழச்சுக்கும்" என்பார்கள். எனக்கும் நல்லெண்ணத்தோடு சொன்னார்கள். இதை நான் முழுக்க எதிர்க்கிறேன். வீட்டில் சோறு தின்று வளர்ந்த பூனை புது இடத்தில் முதலில் செய்வது எலி பிடிப்பது இல்லை, ஒளிந்துகொண்டு பட்டினி கிடப்பது. ஏற்கெனவே அங்கே இருக்கிற பூனைகளிடமும் நாய்களிடமும் கடிபடும். கொஞ்ச தூரம்தான் என்றால் திரும்பி வந்துவிடும். பாபநாசம் மலைப்பக்கம் இன்னும் மோசம். அது 1988இல் அமைந்த களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். சிறுத்தை இருக்கிற காட்டில் வீட்டுப் பூனையை விடுவது கொல்வதற்குச் சமம். அது தப்பிப் பிழைத்தாலும் காட்டில் உள்ள சிறு பறவைகளுக்கும் ஓணான்களுக்கும் எமனாகும், ஊர் நோயைக் காட்டுப்பூனைக்குக் கொண்டுபோகும். 1960ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, பசியாலும் தாகத்தாலும் வாடும்படி ஒரு பிராணியைக் கைவிடுவதை வதை என்றே சொல்கிறது. முதல் தடவைக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய் வரைதான். தொகை சிறிதாக இருப்பதால் செயல் சிறிதாகிவிடாது. இது பலிக்கவும் பலிக்காது: சோறும் எலியும் இருக்கிற இடம் காலியானால் இன்னொரு பூனை வந்து உட்கார்ந்துகொள்ளும். மதினிக்கு நாளை மறுநாள் வேறொரு பூனையின் கால் தடம்.

விஷம் வைப்பதைப் பற்றிப் பேசாமல் போகலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் நடக்கிறது. கருவாட்டில் எலி மருந்து தடவி வைப்பவர்கள் உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவில், ஒரு பிராணியைக் கொல்வதற்கும் விஷம் வைப்பதற்கும் முடமாக்குவதற்கும் ஐந்து வருஷம் வரை சிறை உண்டு. தெருவில் வைத்த விஷம் பூனை வாய்க்குத்தான் போகும் என்று யார் உறுதி சொல்ல முடியும்? தவழ்கிற பிள்ளை இருக்கிற தெரு அது.

தெரியாமலே விஷம் வைப்பதும் உண்டு. பூனை வராமல் இருக்க வாசலில் ஃபினாயில் தெளிப்பார்கள், தொட்டியைச் சுற்றிப் பாச்சை உருண்டை போடுவார்கள். ஃபினாயிலில் இருக்கும் சரக்கை முறிக்கும் திறன் பூனையின் ஈரலுக்கு இல்லை. காலில் பட்டதை நக்கினாலே உடம்புக்குள் போய்விடும். பாச்சை உருண்டையும் அப்படித்தான். இது பலருக்குத் தெரியாது. பூனை வைத்திருப்பவர்கள் இதைச் சண்டையாக இல்லாமல் தகவலாகப் பக்கத்து வீட்டில் சொல்லிவைக்க வேண்டும். நான் சொன்னபோது எதிர்வீட்டு ஆச்சி உண்மையாகவே பதறிப்போனார். "அய்யோ, நாத்தத்துக்குப் போயிரும்னுல்லா தெளிச்சேன்" என்றார்.

சரி, செய்யத் தகுந்த வழிகளுக்கு வருவோம்.

பக்கத்து வீட்டார் தங்கள் பக்கத்தைக் காத்துக்கொள்வது ஒரு வழி. பூனை வைத்திருப்பவர்களுக்கு இதுதான் மிகவும் பிடித்த வழி, ஏனென்றால் அவர்கள் எதுவும் செய்ய வேண்டாம். தொட்டி மண்ணின் மேல் கூழாங்கல் பரப்பலாம், அல்லது கருவேல முள்ளை ஒடித்துப் போடலாம். மண்ணைத் தோண்ட முடியாத இடத்தில் பூனை கழிக்காது. ஆரஞ்சு, எலுமிச்சைத் தோலின் வாடை பூனைக்குப் பிடிக்காது, ஆனால் வெயிலில் காய்ந்ததும் பலன் போய்விடும், தினமும் மாற்ற வேண்டும். கோழிக்குஞ்சுக்கு மூடிய கூண்டு எப்படியும் வேண்டும், பருந்தும் கீரியும் இருக்கிற ஊர் இது. புறா வளர்ப்பவர்களுக்கும் அப்படியே. இவையெல்லாம் பலிக்கும். ஆனால் அடுத்தவர் பூனைக்காக நான் ஏன் தினமும் முள் ஒடிக்க வேண்டும் என்று ஒருவர் கேட்டால் அதற்குப் பதில் இல்லை. இந்த வழியை நாம் அவர்களுக்குப் பரிந்துரைக்கக் கூடாது, நாமே செய்து கொடுக்க வேண்டும்.

அப்பளத்துக்கு நாங்கள் அதைத்தான் செய்தோம். நாலு சவுக்குக் கம்பில் சட்டம் அடித்து, கொசுவலைத் துணியை இழுத்துக் கட்டி, பாய்மேல் கவிழ்க்கிற மாதிரி மூன்று மூடி செய்து கொடுத்தேன். வெயிலும் காற்றும் உள்ளே போகும். மதினி முதலில் வேண்டாம் என்றார், பிறகு வைத்துக்கொண்டார். காக்காயும் அணிலும் வருஷக்கணக்காகத் தின்றுகொண்டிருந்ததும் அதோடு நின்றது. எங்கள் மேல் இருந்த கோபம் தணிய ஆரம்பித்தது அங்கேதான் என்று நினைக்கிறேன். ஆனால் உறுதி என்று பார்த்தால் பாதிதான். காற்று பலமாக அடிக்கிற நாளில் மூடி கவிழ்ந்துவிடும், வலைத் துணிமேலேயே செவலை ஏறிப் படுத்த நாளும் உண்டு.

அடுத்தது கருத்தடை ஆபரேஷன். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதன் மேல் அளவுக்கு மீறிய நம்பிக்கையும் வைக்கிறார்கள், தேவையில்லாத பயமும் வைக்கிறார்கள். கடுவன் பூனை ஊர் சுற்றுவதும், எல்லை குறிக்க மூத்திரம் பீய்ச்சுவதும், ராத்திரி கூரை மேல் கட்டிப் புரள்வதும் பெரும்பாலும் இனப்பெருக்க வேகத்தால். விதையை எடுத்துவிட்டால் அந்த வேகம் குறையும். மறுநாளே மாறிவிடாது, சில வாரம் பிடிக்கும், உடம்பில் உள்ள சுரப்பு வடிய வேண்டும் இல்லையா. செவலைக்கு ஒன்றரை மாதத்தில் மாற்றம் நன்றாகத் தெரிந்தது. மூத்திர நாற்றம் நின்றது, சண்டைக் காயத்தோடு விடியற்காலையில் வந்து நிற்பதும் நின்றது. பெட்டைப் பூனை என்றால் இன்னும் அவசியம். நாலு மாதத்திலிருந்தே பருவத்துக்கு வரலாம், சினைக்காலம் ஏறக்குறைய இரண்டே மாதம். ஒரு வருஷம் விட்டுவிட்டால் ஒரு பூனைப் பிரச்சினை ஒரு தெருப் பிரச்சினை ஆகிவிடும். அது கத்துகிற கத்தலுக்கு எங்கெங்கோ இருந்து கடுவன்கள் வந்து கூடுவதும் நிற்கும்.

ஆனால் இந்த ஆபரேஷன் பூனையின் காலைக் கட்டாது. வெயில் காய இடம் தேடுவதும், இளகின மண்ணில் கழிப்பதும், அசைகிற குஞ்சைப் பார்த்தால் பாய்வதும் அப்படியேதான் இருக்கும். மதினியின் அப்பளத்துக்கு இது பதில் இல்லை. பின்வீட்டு அண்ணாச்சியின் வண்டிச் சக்கரத்துக்குத்தான் பதில்.

திருநெல்வேலிக்குப் பக்கத்தில் ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கே கல்லூரி மருத்துவமனையும் உண்டு. பாளையங்கோட்டையில் தனியார் மருத்துவர்களும் உண்டு. எங்கள் ஊரிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல். பூனையைக் கையில் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போகாதீர்கள், ஹாரன் சத்தத்துக்கு மிரண்டு பிராண்டிவிட்டு ஜன்னல் வழியே பாய்ந்துவிடும். மூடி உள்ள பிளாஸ்டிக் கூடையில் பழைய துணியைப் போட்டு, போவதற்கு ஒரு வாரம் முன்பே அதற்குள் சோறு வைத்துப் பழக்க வேண்டும். மயக்க மருந்து கொடுப்பதால் எவ்வளவு நேரம் பட்டினி போட வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். அதே போக்குவரத்தில் வெறிநோய்த் தடுப்பூசியையும் முடித்துவிடுங்கள், வருஷா வருஷம் மருத்துவர் சொல்கிறபடி தொடருங்கள். அந்தத் தடுப்பூசிச் சீட்டை நான் பக்கத்து மூன்று வீட்டிலும் காட்டினேன். குழந்தை உள்ள வீட்டுக்கு அது பெரிய ஆறுதல். என்ன இருந்தாலும் பூனை கடித்தாலோ பிராண்டி ரத்தம் வந்தாலோ சோப்பு போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் வெறிநோய் ஊசி இலவசம். வீட்டுப் பூனைதானே என்று விடக் கூடாது.

"வாயில்லாச் சீவனுக்கு இப்படிச் செய்யுதது பாவம்" என்று என் அம்மையே சொன்னாள். அந்த மனசை நான் மதிக்கிறேன். ஆனால் குட்டிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு போகிறவர்களையும் இதே தெருவில் பார்த்திருக்கிறோம். பிறந்து அப்படிப் போவதைவிடப் பிறக்காமல் இருப்பது மேல் என்று அம்மையிடம் சொன்னேன். அன்று அவள் பதில் சொல்லவில்லை. ஆனால் ஆபரேஷன் முடிந்து வந்த அன்று ராத்திரி செவலை பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அவள்தான்.

இனி மணல் தொட்டி. இதை யாரும் ஒரு வழியாகவே எண்ணுவதில்லை. ஆனால் நான் பார்த்த வரையில் பூனைச் சண்டைகளில் பாதிக்கு மேல் பூனை நடந்ததற்காக இல்லை, பேண்டதற்காக. மல்லிகைத் தொட்டியில் கை வைத்துக் களை எடுக்கும்போது கையில் ஒட்டினால் யாருக்குத்தான் கோபம் வராது? நம் வீட்டிலேயே, ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு மூலையில், அரை அடி ஆழமுள்ள அகலமான தொட்டியில் சலித்த மணலோ மர அறுவை மில்லில் கிடைக்கிற மரத்தூளோ போட்டு வைத்தால் பூனை தானாகவே அங்கே பழகும். இளகின, காய்ந்த, சுத்தமான இடத்தைத்தான் அது தேடுகிறது. கொடுத்தால் அலையாது. ஒரு பூனைக்கு இரண்டு தொட்டி இருந்தால் நல்லது. தினமும் அள்ளிக் காகிதத்தில் சுற்றிப் போட வேண்டும். இதற்கு ஒரு மருத்துவக் காரணமும் உண்டு. பூனை மலத்தில் வரக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி கர்ப்பிணிகளின் கருவைத் தாக்கக்கூடியது. மலம் வெளியே வந்து ஒரு நாளாவது ஆன பிறகுதான் அது தொற்றும் பக்குவத்துக்கு வருகிறது, ஆகவே தினமும் அள்ளினால் ஆபத்து மிகவும் குறையும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அள்ளுகிற வேலையை வேறொருவர் எடுத்துக்கொள்ள வேண்டும். பக்கத்து வீட்டுத் தொட்டிக்குள் மூடிக் கிடக்கிற மலத்துக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை. அந்த வீட்டுப் பெண் பிள்ளைத்தாச்சியாக இருந்தால் அவர் கோபப்படுவதற்கு முழு நியாயம் உண்டு.

செலவு என்று பார்த்தால் எல்லா வழியிலும் இதுதான் குறைவு. உழைப்பு முழுக்க நம்முடையது. மலத் தொல்லை ஒன்றுதான் புகார் என்றால் இதிலிருந்து தொடங்குங்கள். ஆபரேஷனையும் வலையையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது வலை. பூனை நம் எல்லையைத் தாண்டாமல் வைப்பது. மூன்று கேள்விகளுக்கும் கிட்டத்தட்ட முழுப் பதில் தருகிற வழி இது ஒன்றுதான். அதனாலேயே கஷ்டமானதும் இதுதான். எங்கள் ஊர்ப் பழைய வீடுகளைத் தெரிந்தவர்களுக்குப் புரியும்: வீட்டுக்கு வீடு ஒரே சுவர், நடுவில் திறந்த முற்றம், அதைச் சுற்றி ஓட்டுச் சரிவு, பின்னால் தட்டட்டி, அதாவது மொட்டை மாடி. முற்றத்துத் தூணில் ஏறினால் ஓடு, ஓட்டில் நடந்தால் தெருக்கோடி வரை ராஜபாட்டை. வெறுமனே கதவைச் சாத்தி ஒரு பூனையை இந்த வீட்டில் நாள் முழுக்க அடைக்க முடியாது.

முதலில் தட்டட்டிச் சுவரைச் சுற்றி நைலான் புறா வலையை நேராகக் கட்டினோம். செவலை இரண்டாம் நாளே வலையில் நகம் போட்டு ஏறி அந்தப் பக்கம் குதித்துவிட்டான். அப்புறம்தான் புரிந்தது, வலை உயரமாக இருந்தால் மட்டும் போதாது, மேல் விளிம்பு உள்பக்கமாக ஒன்றரை அடியாவது சாய்ந்து நிற்க வேண்டும். ஏறி வருகிற பூனை தலைக்கு மேல் ஒரு கூரை வந்ததும் திரும்பிவிடும். தரையிலிருந்து ஆறடி, மேலே சாய்வு, கண் ஒரு அங்குலத்துக்கு மேல் போகாத கோழி வலை, கீழே இடைவெளி இல்லாமல் கட்டுக்கம்பி. வெயிலில் நைலான் நைந்துபோகும், கம்பி வலை கூடுதல் காலம் தாங்கும். தண்ணீர்த் தொட்டி, பழைய பீரோ, ஏணி எதுவும் வலைக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது, அதுதான் அதற்கு ஏணிப்படி. முற்றத்துக்கு மேலேயும் வலை கட்டினோம். ஆடி மாதம் மலைக் காற்று இறங்கியபோது ஒரு மூலை கிழிந்து பறந்தது, மறுபடி கட்டினோம்.

அடைத்த பிறகு முதல் பத்து நாள் ராத்திரி முழுக்கக் கத்தினான். அதைச் சகித்துத்தான் ஆக வேண்டும். பாதியில் இரங்கித் திறந்துவிட்டால், கத்தினால் திறப்பார்கள் என்று படித்துக்கொள்ளும். அடைத்து வைப்பதோடு நம் கடமை முடியவில்லை. ஒரு தென்னங்கட்டையில் தேங்காய்க் கயிற்றை இறுக்கிச் சுற்றி நிறுத்தினேன், நகம் தீட்ட. அதற்கு முன்னால் அது தீட்டியது வீட்டில் இருந்த பத்தமடைப் பாயில். உயரத்தில் வெயில் விழுகிற ஒரு பலகை. சாயங்காலம் பதினைந்து நிமிஷம் கயிற்றில் துணியைக் கட்டி இழுத்து விளையாட்டு, அது முடிந்ததும் வயிறு நிறைய மீனோ கோழியோ கலந்த சோறு. பூனைக்குச் சுறுசுறுப்பு கூடுவது விடியலிலும் அந்தியிலும். அந்த நேரத்து வேகத்தை விளையாட்டில் இறக்கிவிட்டால் ராத்திரி தூங்கும். வெறும் பால்சோறு போட்டு அடைத்து வைப்பது கொடுமை, பூனை இறைச்சி தின்னும் பிராணி. பால் பல பெரிய பூனைகளுக்குச் செரிப்பதும் இல்லை.

முழுக்க அடைக்க முடியாதவர்கள், மனசு வராதவர்கள், நேரம் பிரித்துக்கொள்ளலாம். அப்பளம் காய்கிற நேரம் வெயில் ஏறியதிலிருந்து மதியம் வரை. சண்டையும் கூரைச் சத்தமும் ராத்திரி. இந்த இரண்டு நேரமும் பூனை உள்ளே, சாயங்காலம் நாலு மணியிலிருந்து விளக்கு வைக்கிற வரை வெளியே, அதன் பிறகு சோற்றுத் தட்டைத் தட்டினால் வீட்டுக்குள். வலை முடிகிற வரை நாங்கள் இரண்டு மாதம் இப்படித்தான் ஓட்டினோம். மதினிக்கு நேரத்தைச் சொல்லியிருந்தேன், பூனை வெளியே இருக்கிற நேரத்தில் அவரும் பாய் போடாமல் பார்த்துக்கொண்டார். பலித்தது, ஆனால் வீட்டில் எப்போதும் ஒருவர் இருக்க வேண்டும். ஒரு கல்யாணத்துக்குப் போன நாளில் எல்லாம் குலைந்தது.

புகார் கொடுப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். போலீஸ் ஸ்டேஷன், பேரூராட்சி, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு, எல்லா வாசலும் திறந்துதான் இருக்கின்றன. ஆனால் வளர்ப்புப் பிராணி விஷயத்தில் கவனக்குறைவுக்கான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு, மனித உயிருக்கு ஆபத்தோ பெருங்காயமோ நேரக்கூடிய நிலையைப் பற்றியது. அப்பளமும் மல்லிகைத் தொட்டியும் அதற்குள் வராது. நஷ்ட ஈடு கேட்டு சிவில் வழக்கு போடலாம், ஆனால் தீர்ப்பு வருவதற்குள் பூனைக்கு வயதாகிவிடும். அதற்குப் பதில், பேசித் தீர்த்துவைக்க மூன்றாம் ஆள் வேண்டும் என்று இரண்டு வீட்டுக்கும் தோன்றினால், பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். வழக்கே போடாமல் லோக் அதாலத் என்ற மக்கள் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம், நீதிமன்றக் கட்டணம் கிடையாது, அங்கே ஏற்படும் சமாதானத்துக்கு சிவில் நீதிமன்றத் தீர்ப்பின் வலு உண்டு. விஷம் வைத்தார்கள், பூனையை அடித்து ஒடித்தார்கள் என்றால் மட்டும் தயங்காமல் போலீசுக்குப் போங்கள்.

வேறு வீட்டுக்குக் கொடுப்பதும் நேர்மையான வழிதான். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு மூச்சிளைப்பு, பூனை முடி ஆகவில்லை, சுவரோ ஒன்று, இடமும் இல்லை என்றால் பிடிவாதம் பிடிப்பதில் அர்த்தமில்லை. தெரிந்தவர் வீடு, ஆபரேஷன் முடிந்த பூனை, புது இடத்தில் முதல் இரண்டு மூன்று வாரம் வெளியே விடாமல் பழக்குவதாக ஒப்புக்கொள்கிற ஆள் என்று பார்த்துக் கொடுக்க வேண்டும்.

ஆக யாருக்கு எது? பாளையங்கோட்டையில் மாடி வீட்டில் வாடகைக்கு இருப்பவர் யோசிக்கவே வேண்டாம். ஜன்னலுக்கும் பால்கனிக்கும் வலை, உள்ளே மணல் தொட்டி, ஆபரேஷன், முழுக்க வீட்டுக்குள். அங்கே அது எளிது. டவுனில் ஒரே வளவுக்குள் ஐந்தாறு குடித்தனம் என்றால் அடைப்பது நடக்காத காரியம். அங்கே பூனை ஒருவருடையதாக இருந்தாலும் வளவுக்கே சொந்தம் மாதிரித்தான் திரியும். ஆபரேஷன், தடுப்பூசி, பொதுவாக ஒரு மணல் தொட்டி, அதை அள்ளுகிற பொறுப்பு பூனை வளர்ப்பவருக்கு, கோழிக்கூண்டுக்கு மூடி, இந்த நாலும் போதும். கிராமத்தில் கொல்லையும் களமுமாக இருக்கிற வீட்டுக்கு ஆபரேஷனும் ராத்திரி அடைப்பும். எங்களைப் போல, பக்கத்து வீட்டின் பிழைப்பே தட்டட்டியில் காய்கிறது என்றால் வலைக்குக் குறைந்த எதுவும் நியாயம் ஆகாது. செலவு அதிகம்தான், எங்களுக்கும் அது கையைக் கடித்தது. ஆனாலும் அதைப் பூனை வளர்ப்பவர்தான் ஏற்க வேண்டும்.

எந்த வழியை எடுத்தாலும் முதலில் படியேறிப் போக வேண்டியது பூனை வைத்திருப்பவர். பக்கத்து வீட்டார் பாயைத் தூக்கிக்கொண்டு நம் வாசலுக்கு வருகிற வரை நான் காத்திருந்தது தப்பு. அதற்கு முன்பே இரண்டு தடவை மதினி தட்டட்டியிலிருந்து "ச்சூ, ச்சூ" என்று விரட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டிருக்கிறது.

வலை கட்டி முடித்த மறுநாள் போய், "மதினி, நாளைக்கு வராது" என்று சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். ஒரு வாரம் கழித்து ஒரு கட்டு அப்பளம் வந்தது.

இப்போது ஒரு கறுப்புக் கடுவன் ஓட்டு வழியாக வர ஆரம்பித்திருக்கிறது. யார் வீட்டுப் பூனையும் இல்லை, காது கிழிந்திருக்கிறது, ராத்திரி எங்கள் வலைக்கு வெளியே நின்று செவலையைப் பார்த்து உறுமுகிறது, காலையில் மதினியின் பாயை மோந்து பார்க்கிறது. போன வாரம் மதினியே சுவருக்கு மேலாக எட்டிக் கேட்டார்: "தம்பி, இதையும் அந்த ராமையன்பட்டிக்குக் கூட்டிட்டுப் போயிருவமா? செலவுல பாதி நான் தாரேன்." பொறிக்கூண்டு ஒன்று இரவல் கேட்டிருக்கிறேன். கருவாட்டுத் துண்டு மதினி வீட்டிலிருந்து வரும்.